பட்டம் பிறக்குமுன் பிறந்த தொழில்



க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்து சில நாட்களே கழிந்திருந்த ஒரு மாலைப் பொழுதில், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலிருந்து ஒரு தந்தையும் மகனும் வெள்ளவத்தையிலுள்ள எனது இல்லத்திற்கு வந்திருந்தனர். தந்தை துறைமுகத்திலே தொழில் புரிபவர். மகன் எமது பாடசாலையிலே கணிதப் பிரிவிற் பயின்றவன். மூன்று பாடங்களிலும் சித்தியெய்தியிருந்தான். ஆயினும், கொழும்பு மாவட்டத்தில் கணினி விஞ்ஞானத்திற்கு வேண்டப்படும் இசட் புள்ளியை அவனது புள்ளி எட்டவில்லை. கையிலே பெறுபேற்றுத் தாளை மடித்தபடி அவன் தலைகுனிந்து நின்றான். தந்தையே பேசினார்.

“சேர், கம்பஸ் கிடைக்காத பிள்ளைக்கு இந்தத் தொழில் இல்லையா?” என்று கேட்டார்.

வினா மிகச் சிறியது. ஆயினும், உடனே விடை கூற என்னால் இயலவில்லை. கலைப் பட்டதாரியாகிய நான் வரலாற்றைக் கற்றவன்; கணினியைக் கற்றவனல்லன். அஃது ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்னர் இதே வினாவை மற்றொரு மாணவன் என்னிடம் கேட்டான். அன்று நான் சற்றும் தயங்காது விடை கூறினேன். அவ்விடை யாது என்பதைப் பின்னர் கூறுவேன். மென்பொருள் பொறியியலாளனாக விரும்பும் ஒருவனுக்குக் கணினி விஞ்ஞானப் பட்டம் இன்றியமையாததா என்னும் இவ்வினாவை, எனக்குத் தெரிந்த ஒரே வழியில், அதாவது வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம்முன்னோர் மொழி. பட்டம் முன்னே ஒலிக்க, தொழில் பின்னே வரும் என்றே நாமும் எண்ணிப் பழகிவிட்டோம். கணினித் தொழிலின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. 1957ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டிலே எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் இளைஞர் திருமணம் செய்துகொண்டார். திருமணப் பதிவிலே தொழிலைக் குறிப்பிட வேண்டிய இடத்தில், “செய்நிரலாளர்” என்று அவர் எழுதுவித்தார். அம்ஸ்ரடாம் நகர அதிகாரிகள் அதனை ஏற்க மறுத்தனர். அப்படியொரு தொழிலே இல்லை என்பது அவர்களது முடிபு. அவர் லெய்டன் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் கற்றவராதலின், பௌதிகவியலாளர் என்றே பதிவு அமைந்தது. அதே டைக்ஸ்ட்ரா, 1972ஆம் ஆண்டில் கணினித்துறையின் மிகவுயர்ந்த பரிசாகிய டூரிங் விருதைப் பெற்றபோது, இந்நிகழ்ச்சியைத் தம் உரையிலே நினைவுகூர்ந்தார். தொழிலே பதிவேட்டில் இல்லாத காலத்தில் அதற்குப் பட்டம் எங்ஙனம் இருந்திருக்கும்?

வணிகத்திற் கணினி புகுந்த கதையும் இத்தகையதே. இலண்டனிலே தேநீர்ச் சாலைகள் நடத்திப் புகழ்பெற்றது லயன்ஸ் என்னும் நிறுவனம். ஆயிரக்கணக்கான சிறு சிட்டைகளைக் கூட்டிக் கழிக்கும் எழுதுவினைஞரின் சுமையைக் குறைக்க விரும்பிய அந்நிறுவனம், லியோ என்னும் கணினியைத் தானே கட்டுவித்து, 1951ஆம் ஆண்டில் இயக்கத் தொடங்கியது. வெதுப்பகக் கணக்கு முதலில் அதன்மீது ஏறிற்று. பின்னர் சம்பளக் கணக்கும் தேயிலைக் கலப்புக் கணக்கும் ஏறின. தேயிலை நாட்டிலே பிறந்த நமக்கு இச்செய்தி சற்று நெருக்கமாகவே ஒலிக்கும்.

அக்கணினிக்குரிய நிரல்களை வகுத்தோர் எவர்? தலைமை தாங்கிய டேவிட் கமினர், 1936ஆம் ஆண்டில் முகாமைப் பயிலுநராக லயன்ஸில் சேர்ந்தவர். பல்கலைக்கழகப் படிகளை ஏறாதவர். அவரது குழுவிற் சேர்ந்து வணிக நிரலாளராகிய முதற் பெண்மணி எனப் போற்றப்படும் மேரி கூம்ஸ், பிரெஞ்சு மொழி பயின்ற பட்டதாரி. அட்லாண்டிக்கின் மறுகரையிலே மொழிமாற்று நிரல்களுக்கு வழிகாட்டிய கிரேஸ் ஹொப்பர், 1934ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்திலே கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஒருவர் கணக்குக் காரியாலயத்திலிருந்தும், ஒருவர் மொழித்துறையிலிருந்தும், ஒருவர் கணிதத்திலிருந்தும் வந்தனர். ஆயினும், ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். இவர்களுள் எவரும் கல்லாதவர் அல்லர். கமினர் கணினியைத் தொடுமுன்னரே, ஒரு பெரிய நிறுவனத்தின் அலுவல்கள் எவ்வாறு ஓடுகின்றன, எங்கே தடைப்படுகின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருந்தார். அவருக்குப் பட்டம் இல்லை, பயிற்சி இருந்தது.

அவ்வாறாயின், பட்டம் ஏன் தோன்றிற்று? முன்னோடிகள் பட்டபாடே அதற்குக் காரணம். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் 1953ஆம் ஆண்டிலே ஓராண்டு டிப்ளோமா வகுப்பொன்றைத் தொடங்கியது. அமெரிக்காவிலே பர்டியூ பல்கலைக்கழகம் 1962ஆம் ஆண்டில் கணினி விஞ்ஞானத்திற்கெனத் தனித்துறை அமைத்தது. அதற்குள் நிரல்கள் பெருகிவிட்டன, பிழைகளும் பெருகிவிட்டன. குறித்த நாளில் முடியாத வேலைகளும், முடிந்தும் பயன்படாத வேலைகளும் எங்கும் மலிந்தன. 1968ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஜெர்மனியின் கார்மிஷ் நகரிலே அறிஞர்கள் கூடி, “மென்பொருட் பொறியியல்” என்னும் பெயரையே மாநாட்டுத் தலைப்பாக்கி ஆராய்ந்தனர். பாலம் கட்டுவோனுக்குள்ள ஒழுங்கு நிரல் எழுதுவோனுக்கும் வேண்டும் என்பதே அப்பெயரின் உட்பொருள். தட்டுத் தடுமாறித் தாம் கற்றதைப் பின்வருவோர் ஒழுங்காகக் கற்கட்டும் என்ற அக்கறையினாலேயே பாடத்திட்டங்கள் எழுந்தன. ஆகவே, பட்டம் என்பது முன்னோடிகள் தமக்குப் பின்வந்தோருக்கு விட்டுச்சென்ற முதுசொம் எனலாம். பிறர் புகாதவாறு அடைத்த கதவாக அது தோன்றவில்லை.

இவ்வரலாறு கணினிக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டுப் பழைய தொழில்களைப் பாருங்கள். மானிப்பாயிலே அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1848ஆம் ஆண்டு முதல் மாணாக்கரைத் தம் அருகிலிருத்தி மருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே மருத்துவ நூல்களையும் வெளியிட்டார். கொழும்பு மருத்துவப் பாடசாலை 1870ஆம் ஆண்டிலேதான் தோன்றிற்று. இலங்கைப் பல்கலைக்கழகமோ 1942ஆம் ஆண்டிற் பிறந்தது. சட்டத்தொழிலை எடுத்துக்கொண்டால், 1874ஆம் ஆண்டில் வித்திடப்பட்ட சட்டக் கல்லூரி வாயிலாக, பல்கலைக்கழகப் பட்டம் இன்றியே சட்டத்தரணியாகும் வழி இன்றும் திறந்திருக்கிறது. 1959ஆம் ஆண்டிலே சட்டமூலம் நிறுவப்பட்ட பட்டயக் கணக்காளர் நிறுவனமும், பரீட்சையையும் பயிலுநர் காலத்தையுமே கேட்டது. நம்முள் எவரேனும் ஒரு கணக்காய்வாளரிடம் சென்று, “நீர் பல்கலைக்கழகப் பட்டதாரியா?” என வினவியதுண்டா? இந்த வானொலியையே எண்ணிப் பாருங்கள். 1925ஆம் ஆண்டிலே கொழும்பில் ஒலிபரப்பு ஆரம்பித்தபோது, அதனை ஏற்றி நடத்தியவர்கள் தந்தித் திணைக்களத்தார். ஒலிபரப்பிலே பட்டம் பெற்றவரை அன்று தேடியிருந்தால், இந்நாட்டு வானம் நெடுங்காலம் மௌனமாகவே இருந்திருக்கும்.

இனி, இலங்கைக்குக் கணினி வந்த கதைக்கு வருவோம். 1967ஆம் ஆண்டளவில் அரச பொறியியற் கூட்டுத்தாபனத்திலே இந்நாட்டின் முதற் கணினி நிறுவப்பட்டது. அதனை இயக்கக் கற்றோர் எவரும் கணினிப் பட்டத்தோடு வந்தவரல்லர். இலங்கைக் கணினிக் கல்வியின் தந்தையெனப் போற்றப்படும் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவை நோக்குங்கள். 1961ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கணிதச் சிறப்புப் பட்டமும், 1966ஆம் ஆண்டிலே இலண்டன் இம்பீரியல் கல்லூரியிற் கலாநிதிப் பட்டமும் பெற்றவர் அவர். கணிதத்திலிருந்து புள்ளிவிபரவியலுக்கும், அதிலிருந்து கணினிக்கும் அவர் நடந்து வந்தார். வந்தவர் தமக்குப் பின்னே பாதை அமைத்தார். 1980களிலே தொலைக்காட்சி வாயிலாகப் பொதுமக்களுக்குக் கணினியை விளக்கினார். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் 1985ஆம் ஆண்டிலே கணினித்துறை தோன்றியது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1987ஆம் ஆண்டிலே சமரநாயக்கவின் முயற்சியாற் கணினித் தொழினுட்ப நிறுவனம் எழுந்தது. 2002ஆம் ஆண்டில் அது கணினி விஞ்ஞானத் துறையோடு இணைந்து, றீட் மாவத்தையிலுள்ள இன்றைய கணினிக் கல்லூரியாயிற்று.

கல்லூரி எழுந்தது, ஆயினும், ஆசனங்கள் எத்தனை? இங்கேதான் நமது வினாவின் முள் இருக்கிறது. பல்கலைக்கழகம் மலிந்த நாட்டிலே, “பட்டம் வேண்டுமா?” என்பது விருப்பம் பற்றிய வினா. நமது நாட்டிலோ அஃது இடம் பற்றிய வினா. 1945ஆம் ஆண்டு முதல் கல்வி இலவசம். ஆனால் பல்கலைக்கழகத்தில் இடம் அரிது. 1970களிலே தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளி வந்தது. தகுதி பெற்றவர்களிற் பெரும்பாலோர் அரச பல்கலைக்கழகத்தின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி பெரும்பாலும் நாட்டிலேயே மிக உயர்ந்த வரிசையில் நிற்பது. கொட்டாஞ்சேனையின் ஒற்றை அறை வீட்டிலே தெருவின் சத்தத்துக்கும் சண்டைக்கும் நடுவிற் படிக்கும் பிள்ளையும், வசதிமிக்க வீட்டுப் பிள்ளையும் அந்த ஒரே வெட்டுப்புள்ளியையே தாண்ட வேண்டும்.

வாயில் குறுகிய இடத்திலே மக்கள் பக்கவழி தேடுவது இயல்பு. பல்கலைக்கழகக் கல்லூரி 1921ஆம் ஆண்டில் எழுந்த காலத்திலும் நம்மவர் இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைக்கே தோற்றினர். அப்பழக்கம் கணினிக் காலத்திலும் கைகொடுத்தது. 1957ஆம் ஆண்டிலே தொடங்கி, 1984ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்ற பிரித்தானியக் கணினிச் சங்கத்தின் பரீட்சைகள், கொழும்பு இளைஞர் பலருக்குப் பல்கலைக்கழகத்தின் இடத்தை நிரப்பின. சான்றிதழ், டிப்ளோமா, அதற்கு மேற்பட்ட தொழில்சார் பட்டதாரி டிப்ளோமா என்று படிப்படியாக ஏறும் அப்பரீட்சையின் இறுதிப் படி, சிறப்புப் பட்டத்தின் தரத்துக்கு அமைந்தது. பின்னர் 2000ஆம் ஆண்டிலே கொழும்புப் பல்கலைக்கழகமே தகவல் தொழினுட்பத்தில் வெளிவாரிப் பட்டமொன்றைத் தொடங்கியது. உள்ளே இடமில்லாதோர் வெளியே இருந்து கற்கலாம். பரீட்சை ஒன்றே அளவுகோல். சமரநாயக்கவின் பணிகளிலே இதனையே நான் தலையாயதாகக் கருதுகிறேன்.

1990களிலே வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் மாலைநேரம் நடந்தவர்களுக்கு அக்காலம் நினைவிருக்கும். காலி வீதியின் மாடிப்படிகளில் கணினி வகுப்புப் பலகைகள் வரிசையாகத் தொங்கும். பகலிலே கடையிற் கணக்கெழுதிய இளைஞன், மாலையிலே ஒரு கணினியை மூவரோடு பகிர்ந்து கற்பான். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, விடுதி அறையிலே தங்கி, வெளிநாட்டுப் பயணத்திற்குக் காத்திருந்த பிள்ளைகளும் அவ்வகுப்புகளில் இருந்தனர். நாட்டைவிட்டுப் போனாலும் கையோடு கொண்டுபோகக்கூடிய தொழில் இஃது என்று அவர்கள் கண்டுகொண்டனர்.

இவ்விடத்திலேதான் நான் முன்பு மறைத்து வைத்ததைச் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டு. நான் இளம் ஆசிரியன். வர்த்தகப் பிரிவிலே பயின்ற ஒரு மாணவன், பிரித்தானியக் கணினிச் சங்கப் பரீட்சைக்குத் தோற்றலாமா என்று என்னிடம் வினவினான். “உயர்தரத்திலே கணிதம் கற்காதவன் கணினியைத் தொடுவதா? பல்கலைக்கழகம் போகாதவனை யார் பொறியியலாளன் என்பார்? கிடைத்த எழுதுவினைஞர் வேலையைப் பற்றிக்கொள்” என்றேன். அப்பரீட்சையின் பாடத்திட்டத்தை நான் ஒருமுறையேனும் விரித்துப் பார்த்தவனல்லன். ஆசிரியன் என்னும் அதிகாரம் ஒன்றே என்னைப் பேசவைத்தது. அவன் கீழ்ப்படிந்தான். பல ஆண்டுகளின் பின் வெள்ளவத்தைப் புகையிரத நிலையத்திலே அவனைச் சந்தித்தேன். ஒரு மொத்த வியாபாரக் கடையிலே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். கடையின் இருப்புக் கணக்குக்குத் தானே ஒரு சிறு நிரல் எழுதியதாகக் கூச்சத்தோடு கூறினான். “அன்றைக்கு நீங்கள் சொன்னது சரிதான், சேர். எனக்கு அந்தப் படிப்பு ஒத்துவந்திருக்காது” என்றும் கூறினான். என்மீது அவனுக்குக் குறையே இல்லை. அந்தக் குறையின்மையே இன்றுவரை எனக்குப் பாரமாக இருக்கிறது.

நேயர்களே, கணினித் திரையிலே தமிழ் எழுத்துத் தோன்றிய வரலாற்றை அன்று நான் அறிந்திருந்தால் அவ்வாறு பேசியிருக்கமாட்டேன். சிங்கப்பூரிலே நா. கோவிந்தசாமி என்றொருவர் இருந்தார். அவர் தமிழாசிரியர், சிறுகதை எழுத்தாளர். கணியன் என்னும் தமிழ் மென்பொருளையும் விசைப்பலகையையும் உருவாக்கினார். 1995ஆம் ஆண்டிலே இணையத்தில் முதன்முதலாகத் தமிழ்ப் பக்கம் ஏறியபோது அதற்குப் பின்னே நின்றவர்களுள் அவர் முதன்மையானவர். 1999ஆம் ஆண்டிலே அவர் மறைந்தபோது வயது அறுபதையும் எட்டவில்லை. சுவிற்சர்லாந்திலே லொசான் நகரில் இரசாயன ஆராய்ச்சி செய்த கலாநிதி கு. கல்யாணசுந்தரம், மயிலை என்னும் எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார்; 1998ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளிலே மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் ஏற்றினார். ஒருவர் தமிழாசிரியர்; மற்றவர் இரசாயன அறிஞர். எனினும், கோவிந்தசாமி தனித்து நின்றவரல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆராய்ச்சியாளரோடு சேர்ந்தே அவர் உழைத்தார். தமிழ் எழுத்தின் இயல்பை அவர் அறிந்தார். இணையத்தின் இயல்பை அவர்கள் அறிந்தனர். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் சென்று கேட்கும் பணிவு அவரிடம் இருந்தது.

பட்டமும் புலமையும் பற்றிய இவ்வழக்கு நம் மொழிக்குப் புதிதன்று. ஏட்டுச்சுவடிகளிலிருந்து பழந்தமிழ் நூல்களை மீட்ட இருவரை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். உ. வே. சாமிநாதையரோ எந்தப் பல்கலைக்கழகத்திலும் பயிலாதவர். 1887ஆம் ஆண்டிலே சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த அவருக்கு, 1932ஆம் ஆண்டிலே அதே சென்னைப் பல்கலைக்கழகம் கௌரவ இலக்கியக் கலாநிதிப் பட்டம் அளித்தது. பட்டம் அவரைத் தேடிப் பின்னால் வந்தது. ஆனால், ஐயர் தாமாகவே கற்றவர் என்று எவரும் கூறத் துணியார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் அருகிலிருந்து, பாடம் கேட்டு, எழுதி, திருத்தம் பெற்றுக் கழித்த ஆண்டுகள் அவருக்குப் பின்னே நின்றன. பட்டமின்றிப் புலவராகலாம். படிப்பும் திருத்துவாருமின்றி ஆதல் அரிது.

இக்காலத்துச் சென்னையிலும் இதற்கோர் உதாரணம் உண்டு. சோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம், 2004, 2005ஆம் ஆண்டுகளிலிருந்து தனக்கென ஒரு பாடசாலை நடத்திவருகிறது. பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளோமாவும் முடித்த பிள்ளைகளை அங்கே சேர்த்து, உதவித்தொகையும் கொடுத்துக் கற்பித்து, வேலையில் அமர்த்துகின்றனர். பட்டம் கேட்பதில்லை. அந்நிறுவனத்தை அமைத்தவர்களுள் ஒருவராகிய ஸ்ரீதர் வேம்பு, சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்று கலாநிதியானவர். கலாநிதி ஒருவரே பட்டம் வேண்டாம் என்கிறார் என்று நம் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பதுண்டு. அவர்கள் ஒன்றை மறக்கின்றனர். அப்பாடசாலையிலே வகுப்பு உண்டு, கணிதம் உண்டு, ஆங்கிலம் உண்டு, நாள்தோறும் நிரல் எழுதுதல் உண்டு. அங்கே நீக்கப்பட்டது பட்டமேயன்றிப் படிப்பன்று.

படிப்பை நீக்கினால் என்ன நேரும் என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. கனடாவிலே செய்யப்பட்ட தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பொறி, 1985ஆம் ஆண்டுக்கும் 1987ஆம் ஆண்டுக்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளருக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைப் பாய்ச்சிற்று. சிலர் உயிர் துறந்தனர். நிரலிற் பிழை இருந்தது. ஒருவரே எழுதிய அந்நிரலைப் பிறரொருவர் தக்கவாறு ஆராயவில்லை. அப்படியாயின் பட்டதாரிகளை அமர்த்திவிட்டால் தீங்கில்லையா எனின், அதுவுமன்று. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆந் திகதி, ஐரோப்பாவின் ஏரியன்-5 ஏவுகணை புறப்பட்டு ஒரு நிமிடங்கூடச் செல்லுமுன் வானிலே சிதறிற்று. பெரியதோர் எண்ணைச் சிறியதோர் இடத்திலே அடக்க முயன்ற நிரற்பிழையே காரணம். முந்திய ஏவுகணைக்குப் பொருந்திய நிரலைப் புதியதற்குப் பொருந்துமா என்று சோதியாது விட்டனர். ஆழ்ந்து கற்ற பொறியியலாளர் நிறைந்த இடத்திலேதான் இது நிகழ்ந்தது. ஆகவே, பட்டம் கவனத்துக்குப் பிணையாகாது. பட்டமின்மை கவனயீனத்துக்குச் சாட்டுமாகாது.

பட்டப்படிப்பு தருவது என்ன என்பதையும் நேர்மையோடு எண்ணிப்பார்த்தல் வேண்டும். தரவுகளை எவ்வாறு அடுக்குவது, ஒரு வழிமுறை எத்துணை விரைவில் முடியும், கணினிகள் ஒன்றோடொன்று எவ்வாறு பேசுகின்றன என்பவற்றை அடித்தளத்திலிருந்து அது கற்பிக்கிறது. தான் அறியாதது இன்னதென்று அறியவும் கற்பிக்கிறது. கூடப் படிக்கும் தோழர்களையும் தருகிறது. இவற்றோடு உலகியலும் உண்டு. அரச சேவையின் சில பதவிகளும், பல வெளிநாடுகளின் குடிவரவு விதிகளும் பட்டத்துக்கு இன்றும் மதிப்பளிக்கின்றன. கைத்திறனைக் கண்டு வேலை தரும் நிறுவனங்கள் பல உண்டு. தாளைக் கேட்கும் வாயில்களும் உண்டு. இதனைப் பிள்ளைகளுக்கு மறைப்பது வஞ்சகமாகும். இக்காலத்திலே செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் கேட்டவுடன் நிரல் எழுதித் தருகின்றன. இனிப் படிப்பே தேவையில்லை என்பாருமுளர். பொறி எழுதியது சரியா, பிழையா என்று பார்க்க வல்லவனுக்கன்றோ இனிமேல் மதிப்பு? அவ்வல்லமை அடிப்படைக் கல்வியின்றி வருவதன்று.

தமிழ்மொழி மூலப் பாடசாலை அதிபன் என்ற முறையில் மற்றொன்றும் சொல்வேன். நம் பிள்ளைகளைத் தடுப்பது பெரும்பாலும் பட்டமின்மையன்று, ஆங்கிலமின்மை. வெளிவாரிப் பட்டத்துக்கும் பிரித்தானியச் சங்கப் பரீட்சைக்கும் ஆங்கிலத்திலேயே விடை எழுத வேண்டும். விடயம் விளங்கியும் வினா விளங்காமற் பின்வாங்கிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். வீட்டிலே கணினி இல்லாமை அடுத்த தடை. வாயில் திறந்திருக்கிறது என்று கூறிவிட்டுப் படியை அமைத்துக் கொடாவிட்டால், நாம் கூறியதற்குப் பொருளில்லை.

இனி அந்த மாலைப் பொழுதுக்குத் திரும்புவோம். தந்தையை அமரச் செய்து, மகனை நோக்கி, “இதுவரை நீயாகவே ஏதேனும் ஒரு நிரல் எழுதியதுண்டா?” என்று கேட்டேன். அவன் சற்றுத் தயங்கி, தந்தையின் கைத்தொலைபேசியை வாங்கிக் காட்டினான். துறைமுகத்திலே தந்தையின் மேலதிக வேலை மணித்தியாலங்களைக் கணக்கிடும் ஒரு சிறு நிரல் அதிலே இருந்தது. மாத முடிவிலே சம்பளத் தாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் செய்தானாம். தந்தை அதனை அதுவரை எவரிடமும் பெருமையாகக் கூறியதில்லை. விளையாட்டு என்றே எண்ணியிருந்தார்.

இம்முறை நான் அவசரப்படவில்லை. வெளிவாரிப் பட்டத்தின் பாடத்திட்டத்தை மேசைமீது விரித்து, மூவருமாக ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம். எனக்கு விளங்காதவற்றை அவன் எனக்கு விளக்கினான். பின்னர் அவர்களிடம் மூன்று காரியங்களைக் கூறினேன். முதலாவது, பல்கலைக்கழகத்தின் உள்ளே இடம் கிடைக்கவில்லை என்பதனால் இத்தொழில் இல்லையென்றாகாது. இரண்டாவது, பட்டத்தை வெளியேயிருந்து பெற முயலலாம். ஆனால் பட்டத்துக்காகக் காத்திராமல், நாள்தோறும் எழுதிப் பழக வேண்டும். மூன்றாவது, எழுதியதைப் பார்த்துப் பிழை சொல்ல ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும். அந்த மூன்றாவதற்கு உதவுவது என் பொறுப்பு என்றும் கூறினேன். எமது பாடசாலையிலே முன்னர் பயின்று, இன்று இத்தொழிலிலே இருப்போர் சிலர் உளர். அவர்களுள் ஒருவர் ஞாயிறு தோறும் காலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்க இசைந்திருக்கிறார்.

விடைபெறும்போது தந்தை மீண்டும் கேட்டார்: “அப்ப இவன் பொறியியலாளனாக வருவான்தானே, சேர்?”

“அதனை நான் சொல்ல முடியாது. முயல்வதற்கு வழி இருக்கிறது என்று மாத்திரம் சொல்வேன்” என்றேன். 1998ஆம் ஆண்டிலே மற்றொரு பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையும் அதுவே.